அளவுக்காரி

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுக்காரி. முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணம் முடித்து வந்த பெண்கூட, அளவுக்காரி வீட்டுக்குப் பக்கத்து வீடு என்றுதான் என் வீட்டுக்கு வழி சொல்வாள். அவளுக்கு அது தெரிந்துதான் இருக்கும். தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் வழக்கம் அவளிடம் இல்லை.

பெயர் வந்தது எண்ணெய்ப் போத்தலால். அவளுடைய குசினி ஜன்னலும் என்னுடைய குசினி ஜன்னலும் ஒரு தகர வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. அவளுடைய ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிப் போத்தல் நிற்கும். அதில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கோடு வரைக்கும் தேங்காய் எண்ணெய் ஊற்றி வைப்பாள். வீட்டில் நாலு பேருக்கும் அடுத்த ஞாயிறு வரைக்கும் அவ்வளவுதான். வியாழக்கிழமையே முடிந்துவிட்டால் வெள்ளியும் சனியும் அந்தச் சட்டியில் எண்ணெய் படாது. பெரிய போத்தல் அலுமாரிக்குள்தான் இருக்கும், எட்டி எடுத்தால் போதும். எடுக்கமாட்டாள்.

மாட்டிறைச்சி மாதத்தில் ஒரு முறை எடுப்பாள். அதை ஒரு சின்னக் கத்தியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முக்கால் மணித்தியாலம் போகும். வெள்ளையாக எது தெரிந்தாலும் சுரண்டி எடுப்பாள். பிறகு வெறும் தண்ணீரில் அவித்து, ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மேலே உறைந்து கிடக்கும் பாளத்தைக் கரண்டியால் தூக்கிப் போடுவாள். அதற்குப் பிறகுதான் கறி. ஒருநாள் அந்த வெள்ளைப் பாளத்தை வேலிக்கு மேலால் தூக்கி எனக்குக் காட்டினாள். “இதுதான் ராத்தா, அவருட குழாய்க்குள்ள போய் இருக்கிறது” என்றாள். நான் அவளைவிட ஆறு வயது மூத்தவள். அதனால் என்னை ராத்தா என்பாள். நானோ அன்றைக்கு மனதுக்குள் அந்தக் கொழுப்புக்காகக் கவலைப்பட்டேன். எவ்வளவு ருசியை அள்ளிக் குப்பையில் போடுகிறாள் என்று.

அவளுடைய புருசன் படகு இஞ்சின் திருத்துகிறவர். எங்கள் கரையில் எந்த இஞ்சின் இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கூலி கேட்கக் கூச்சப்படுவார், சாப்பாடு கேட்கக் கூச்சப்படமாட்டார். நாற்பத்து நாலாவது வயதில் ஒருநாள் களப்பு ஓரத்தில் குனிந்து நின்று ஒரு இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே இருந்துவிட்டார். ஓட்டோவில் போட்டுப் புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கொழும்புக்கு. இரத்தக் குழாய்க்குள் கம்பிச் சுருள் வைத்து, வாழ்நாள் முழுவதும் குடிக்க மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கொழும்பில் டொக்டர் எண்ணெயைக் குறைக்கவேண்டும், நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் மாஜரினும் வேண்டாம், தேங்காய்ப்பாலைக் குறையுங்கள், மீனும் கீரையும் பருப்பும் கூட்டுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். இவள் குறைக்கவேண்டுமென்றால் எத்தனை கரண்டி என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு ஒரு கணக்குச் சொன்னாராம். அது எந்தக் கரண்டி, தேத்தண்ணிக் கரண்டியா சோற்றுக் கரண்டியா, தட்டியா குவித்தா என்று மறுபடி கேட்டிருக்கிறாள். டொக்டர் எழும்பிப் போய் ஒரு கரண்டியை எடுத்துவந்து காட்டினாராம். இதை அவளே எனக்குப் பெருமையோடு சொன்னாள். அவள் பெருமையாகச் சொன்ன ஒரே கதை அதுதான்.

அவள் எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்னபோது, பத்து வயதில், கையில் ஒரு துணி மூட்டையோடு வந்தவள். முகாமில் வளர்ந்தவள். எங்கள் ஊர் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருசம் ஆகியும் ஊருக்கு அவள் வந்தவள்தான். போத்தலில் கோடு விழுந்த பிறகு பெண்கள் சொன்னார்கள், அது முகாமில் அளந்து தின்ற பழக்கம் என்று. அவள் புருசனுடைய ராத்தாவே, அவளுக்கு மதினி, அதை என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னாள். நான் மறுக்கவில்லை. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பேர் ஊருக்குள் நிலைத்தது ஒரு வலீமாவில். பெரிய சம்மாட்டி வீட்டுக் கல்யாணம், ஆறு படகு உள்ளவர். எங்கள் பக்கம் கல்யாணச் சாப்பாடு சகனில். ஒரு பெரிய தட்டத்தில் நெய்ச்சோறு குவித்து, மேலே இறைச்சி வைத்து, சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவது. அதில் ஒரு மரியாதை உண்டு. நல்ல துண்டை யாரும் தனக்கு எடுக்கக் கூடாது. மற்றவருக்கு முன்னால் தள்ளிவிடவேண்டும். நல்ல துண்டு என்றால் கொழுப்போடு இருக்கும் துண்டுதான். நோயாளி, வயதாளி, தூரத்திலிருந்து வந்தவர் என்று யாரில் அதிகம் இரக்கமோ அவர் முன்னால் அது போய்ச் சேரும்.

அன்றைக்கு அவள் புருசனிடம் ஒரு சோற்றுப்பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தாள். கல்யாண வீட்டுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு. எங்கள் ஊரில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. என் புருசன், எங்கட அவரும், அதே சகனில்தான் இருந்தார். ஐந்து பேரும் தட்டத்தில் கை வைத்திருக்க, இந்த மனுசன் பக்கத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறார். சிவப்பரிசிச் சோறு, அவித்த மீன், கீரை. ஆசுபத்திரியிலிருந்து வந்த சாப்பாடா என்று ஒருவர் கேட்டாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவரும் சிரித்தாராம். சிரித்துவிட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, பசியில்லை என்று கை கழுவிக்கொண்டாராம். கல்யாண வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, என் வீட்டுச் சோற்றில் நஞ்சா கிடக்கிறது என்று கேட்டது ஊர் முழுக்கப் பரவிற்று.

எங்கட அவர் வீட்டுக்கு வந்து சேர்ட்டைக்கூடக் கழற்றவில்லை. “அந்த மனுசன்ட முகத்தப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு இறங்கல்ல” என்றார். அந்த இரக்கம் அன்றைக்கு எங்கள் வீட்டில் மட்டும் தொடங்கவில்லை.

நானும் அவள் சமையலைச் சாப்பிட்டிருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு கிழமை முழுக்க அவள்தான் வேலிக்கு மேலால் சாப்பாடு தந்தாள். மீனைப் பொரிக்கமாட்டாள். கொறுக்காய்ப் புளியும் மிளகும் இஞ்சியும் போட்டு மண்சட்டியில் வற்ற வைப்பாள். பருப்புக்கு இரண்டாம் பால் மட்டும். முருங்கைக்கீரையை எண்ணெய் இல்லாமல் வெண்காயத்தோடு வதக்க ஒரு வழி வைத்திருந்தாள், இன்னும் எனக்கு அது சரிவரவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் ருசியாகத்தான் இருந்தது. அதை நான் அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் வாய் கொஞ்சமாவது அடங்கியிருக்கும். அளவுக்காரிக்குச் சமைக்கத் தெரியாது என்ற கதையில் எனக்கும் ஒரு சுகம் இருந்தது.

அந்தச் சுகம் கோபமானது ஒரு நோம்பில். நோம்பு திறக்க முன்னால் வீட்டுக்கு வீடு பிங்கான் போகும். இந்த வீட்டுக் கஞ்சி அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுப் பலகாரம் இந்த வீட்டுக்கு. வந்த பிங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. நான் ஒவ்வொரு வருசமும் கட்லட் செய்து அனுப்புவேன். என் கட்லட்டுக்கு எங்கள் தெருவில் ஒரு பேர் உண்டு. அவளும் பிங்கானில் பப்பாசியோ தர்ப்பூசணியோ வெட்டி அடுக்கித் திருப்பி அனுப்புவாள். ஒருநாள் துணி காயப்போடப் பின்னால் போனவள், வேலி ஓட்டை வழியாகப் பார்த்தேன். அவளுடைய கோழித் தொட்டிக்குள் என் கட்லட் ஆறும் கிடந்தன. கோழிகள் ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு தின்றன.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்து, அழுது, முடிந்திருக்கும். வைராக்கியமாக வைத்துக்கொண்டேன். ஈரல் வெந்துபோன கோபம் அது. என் கைப்பட்டதைக் கோழிக்குப் போட்டவளின் புருசனுக்கு, என் கையால் வயிறார ஒருநாள் போடவேண்டும் என்று நினைத்தேன். அதற்கு இரக்கம் என்றுதான் பெயர் வைத்தேன். எங்கட அவருக்கும் அப்படித்தான் சொன்னேன்.

பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வரும்போது எங்கட அவர் அவள் புருசனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்னறையில் பாய் போட்டு, நெய்ச்சோறும் விலா இறைச்சியும் வைத்துக் கொடுத்தேன். நான் குசினி வாசல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதல் வாயை வைத்துவிட்டு அந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டார். மென்றார். கண்ணைத் திறக்கும்போது ஈரமாக இருந்தது. போகும்போது திரைப் பக்கம் பார்க்காமல் சொன்னார், “ராத்தா, அவக்கிட்டச் சொல்லிடாதீங்க. வருத்தப்படுவா.” ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கட அவர் சொன்னார். ஓம், ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் சொன்னேன்.

பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அந்த ஒரு நாளானது. இரண்டு வருசத்துக்கு மேல். எலும்பைத் தட்டி உள்ளே இருப்பதை எடுத்து அவர் சோற்றில் வைத்திருக்கிறேன். தேங்காயின் முதற்பாலைப் பிழிந்து ஊற்றி வட்டிலப்பம் அவித்து வைத்திருக்கிறேன். அவர் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்து, கையைச் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொண்டு, பின் தெருவால் சுற்றித் தன் வீட்டுக்குப் போவார். போய் அங்கேயும் சோற்றுக்கு உட்காருவார். அவள் அளந்து வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்தப் பிங்கான் சத்தம் கேட்கும்.

ஒருமுறை எனக்குப் பிரஷர் பார்க்க வேண்டியிருந்தது. அவளும் அவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறாள் என்றதும் ஒன்றாகப் போனோம். பஸ்ஸில் பாலாவியில் உப்பளம் வரும்வரை அவள் கையிலிருந்த ரிப்போட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். இங்கிலீசு தெரியாது, இலக்கம் தெரியும். கொலஸ்ட்ரோல் எந்த வரியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன முறையைவிடக் கூடியிருந்தது.

கிளினிக்கில் டொக்டர் சின்ன வயது. சிங்களத்தில்தான் கதைத்தார். பக்கத்தில் நின்ற தாதி தமிழில் சொன்னாள். மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கேட்டார்கள். நானே நின்று வாய்க்குள் போட்டுத்தான் விடுகிறேன் என்றாள் அவள். அப்படியென்றால் வீட்டுச் சமையலில்தான் பிழை என்று டொக்டர் சொன்னார். எத்தனை முறை சொல்வது, புருசன் உயிரோடு வேண்டாமா என்று தாதி தன் பங்குக்கு இரண்டு வார்த்தை கூட்டிப் போட்டாள். வரிசையில் இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. அவள் பாடம் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளையாக நின்றாள். தாதியை விட்டு டொக்டரிடமே தன் போத்தலைப் பற்றிச் சொல்லப் பார்த்தாள். சிங்களத்தில் கோடு என்பதற்குச் சொல் வரவில்லை. அவர் பக்கத்துக் கதிரையில் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றேன். நான் வாயைத் திறந்திருக்கலாம். அது அவரைச் சபையில் அவமானப்படுத்தும் என்று எனக்கு நானே சொன்னேன். ஏழு நாளில் ஒரு நாள், என் ஒரு வெள்ளிக்கிழமை எந்த இலக்கத்தைத் தூக்கிவிடப் போகிறது என்றும் சொன்னேன். அந்த நேரம் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

திரும்பி வரும்போது அவள் பஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “தேங்காயையும் நிப்பாட்டணும் போல ராத்தா” என்றாள். சொன்னபடி நிறுத்தினாள். சம்பல் இல்லை, பால் இல்லை. போத்தலின் கோட்டைத் துடைத்துவிட்டு இரண்டு விரல் கீழே புதுக் கோடு போட்டாள். பிள்ளைகளுக்கு வேறாகச் சமைக்கச் சொன்னேன். வாப்பாவுக்கு முன்னால் பிள்ளைகள் ருசியாகச் சாப்பிட்டால் அவருக்கு ஆசை வரும் என்றாள். மகனுக்குப் பதினேழு, மகளுக்குப் பதின்மூன்று. இரண்டும் வாய் திறக்காமல் சாப்பிட்டன. அவள் மெலிந்துகொண்டே போனாள். அபாயாவுக்குள் தோள் எலும்பு தெரிந்தது. அடுத்த கிளினிக்கிலும் அதே திட்டு. தனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் எங்கோ எண்ணெய் ஒளிந்திருக்கிறது என்று அவள் தேடத் தொடங்கினாள். கடலையில் இருக்கிறதா, கருவாட்டில் இருக்கிறதா, பாணில் இருக்கிறதா என்று என்னிடம் வந்து கேட்பாள். வெள்ளிக்கிழமைகளிலும் கேட்டிருக்கிறாள், என் குசினியில் நெய் வாசம் அடங்க முன்னால்.

இரண்டாவது மாரடைப்பு இறங்குதுறையில் வந்தது. ஓட்டோ வரும்வரைகூட அவர் இருக்கவில்லை. அது புதன்கிழமை. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, வெள்ளிக்கிழமை இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்பது. அதை எழுதாமல் விடலாம். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மையத்து வீட்டில் பெண்கள் உள்ளறையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு மதினி அழுகையினூடே சொன்னாள், தம்பிக்குத் திங்கட்கிழமை குடல் கறி ஆக்கிக் கொடுத்தேன், எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டான், ஒவ்வொரு திங்களும் வருவான், இனி யாருக்கு ஆக்குவேன் என்று. பக்கத்திலிருந்த சம்மாட்டியின் மனைவி திரும்பிப் பார்த்தாள். கரையில் எங்கள் மீன் வாடிக்கு இஞ்சின் பார்க்க வரும் நாளெல்லாம் நான்தான் சாப்பாடு கொடுத்து அனுப்புவேன், செவ்வாயும் சனியும் தவறாது என்றாள். இன்னொருத்தி தன் புருசனின் தேத்தண்ணிக் கடையைச் சொன்னாள். காலையில் ரோல்ஸ் இரண்டு, பொரித்த முட்டை ஒன்று, ஒருநாளும் காசு வாங்கியதில்லை என்றாள். எல்லாரும் மெல்லிய குரலில்தான் சொன்னார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையை வைத்திருந்தார்கள். பாவம், ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. ஒருத்தியிடமும் மற்றவள் சொல்லியிருக்கவில்லை. எல்லாரிடமும் அவர் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார், அவக்கிட்டச் சொல்லிடாதீங்க என்று.

யாசீன் கிதாபை மடியில் வைத்துக்கொண்டு நான் நாட்களை எண்ணினேன். திங்கள், செவ்வாய், வெள்ளி, சனி, காலைக்குத் தேத்தண்ணிக் கடை. மற்றவர்களும் கிதாபைப் புரட்டத் தொடங்கினார்கள். பிறகு ஒருத்தி, என்ன செய்ய, வீட்டில் சத்தான சாப்பாடு இல்லாததால் உடம்பு தாங்கவில்லை என்றாள். எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஓம், உடம்பில் ஓர்மம் இல்லை, பட்டினி போட்ட உடம்பு என்றார்கள். அந்தப் பேச்சு அங்கேயே முளைத்து, அஸர் தொழுகைக்கு முன்னால் தெரு முழுக்கப் போய்விட்டது. அவள் அடுத்த அறையில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு திரைதான்.

மௌத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரிக்கக் கூடாது என்று அக்கம்பக்கம் சாப்பாடு அனுப்பும். அனுப்பினோம். நெய்ச்சோறு, பொரித்த கோழி, மாட்டிறைச்சி. அதை அவளுடைய மகன் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். எவ்வளவு காலம் கழித்துச் சாப்பிடுகிறான் பாருங்கள் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

அவள் இத்தாவில் இருந்த நாலு மாசம் பத்து நாளும் நான் போய் வந்தேன். வீட்டை விட்டு வெளியே வராதவளுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது, பக்கத்தில் இருப்பது. அவள் அதிகம் கதைக்கவில்லை. மூன்றாவது மாசத்தில் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“ராத்தா, நீங்க எல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. எனக்கு எங்க பிழைச்சது?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். கட்லட்டையும் கோழித் தொட்டியையும்கூடச் சொன்னேன். பிறகு திங்கட்கிழமை, வாடி, தேத்தண்ணிக் கடை எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்களைச் சேர்த்துச் சொன்னதில் என் பங்கு சிறுத்துப் போகும் என்று எங்கோ ஒரு நப்பாசை இருந்திருக்கலாம். அவள் கத்துவாள், என்னை வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

“ருசியாச் சாப்பிட்டாரா?” என்றாள்.

“ஓம்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

ஓம் என்றேன். “நான் கடைசியா அப்பிடிப் பாத்து ஏழு வருசம்” என்றாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். உள்ளே தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாப்பாவுக்கு இவ்வளவு இளம் வயதில் வந்ததால் பிள்ளைகளின் இரத்தத்தையும் பார்க்கவேண்டும் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். மகளுக்கு ஒன்றுமில்லை. மகனுக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. பதினேழு வயதுக்கு இருக்கவே கூடாத அளவு. இது சாப்பாட்டால் மட்டும் வருவது இல்லை, வாப்பாவின் வழியில் வருவது, அதனால்தான் இவன் மற்றவர்களைவிடக் கவனமாகச் சாப்பிடவேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். இதையெல்லாம் எனக்கு மதினிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பாவம், வாப்பா இல்லாத பிள்ளை, ஒருநாள் கூப்பிட்டு நல்லதாக ஏதாவது ஆக்கிக் கொடுக்கவேண்டும் என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தான் என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை.

அளவுக்காரிக்கு விளங்கியிருக்கிறது. இத்தா முடிந்த மறுகிழமை, மன்னாரில் அவள் வாப்பாவின் காணியில் தகரக் கொட்டில் ஒன்று போட்டாயிற்று, பிள்ளைகளோடு அங்கே போகிறாள் என்று செய்தி வந்தது. மீளக் குடியேறப் போன சொந்தக்காரர் இரண்டு வீடு அங்கே இருந்தது. மற்றப்படி காடு. பள்ளிக்கூடத்துக்கு மகள் தூரம் நடக்கவேண்டும். இங்கே வீடு இருக்கிறது, சனம் இருக்கிறது, எதற்கு அங்கே என்று பள்ளிவாசல் ஆட்கள்கூட வந்து கேட்டார்கள். அவள் மகனைக் காட்டி, இவனுக்காக என்று மட்டும் சொன்னாளாம். அவர்கள் தொழில் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

லொறி வந்த காலை நான் சுபஹ் பாங்கோடு எழும்பிச் சமைத்தேன். தூரப் பயணம் போகிறவர்களுக்கு வழிச்சாப்பாடு கட்டிக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் அவளுக்கென்று அவள் மாதிரியே சமைத்தேன். சிவப்பரிசி. மீனைக் கொறுக்காய் போட்டு வற்ற வைத்தேன். முருங்கைக்கீரை. எண்ணெய்ப் போத்தலைக் குசினியிலிருந்தே வெளியே எடுத்து வைத்துவிட்டேன், கை தவறியும் படக்கூடாதென்று. மூன்று பார்சல் கட்டி வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

சாமான் ஏற்றி முடிந்திருந்தது. மகன் மேலே மெத்தைக் கட்டின்மீது உட்கார்ந்திருந்தான், மகள் முன்னால். அவள் கடைசியாக வாசலைப் பூட்டிக்கொண்டு வந்தாள். பார்சல்களைக் கையில் வாங்கினாள். ஒன்றை விரித்து முகர்ந்து பார்த்தாள்.

“எண்ணெ?”

“ஒரு சொட்டும் இல்ல. அல்லாஹ்மேல ஆணையா இல்ல.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. எடை போடுகிறவள்போல நிதானமாகப் பார்த்தாள். பிறகு பார்சலை முன்னிருந்தபடி மடித்து, மூன்றையும் என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“பொய் சொல்றீங்க எண்டு சொல்லல்ல ராத்தா. ஆனா எனக்கு நம்ப ஏலாது.”

ஏறிக்கொண்டாள். லொறி புறப்பட்டது. மூன்று பார்சலோடும் நான் வேலியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.